பெயரில் உறையும் உழைப்பு

மூதூரில், கொட்டியாரக் குடாவை அண்டி, 1893 ஆம் ஆண்டில் ஒரு கல் நாட்டப்பட்டது. 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட நொக்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவனை நினைவூட்டும் கல் அது. அவனோடு சிறைப்பட்ட மகன் ரொபேட் நொக்ஸ் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டான். அந்நூலை மாணவர்க்கு எடுத்துரைக்கும் நாம், ‘நொக்ஸ்’ என்பதன் பொருளைச் சொல்வதில்லை. கேலிக் மொழியில் அது குன்று. குன்றருகே குடியிருந்தோரைச் சுட்டிய அடையாளம், அவ்வளவே!

ஆயினும் ஐரோப்பியப் பெயரென்றதும் கைகட்டி நிற்கும் மனங்கள் நம்மிடையே இன்னும் உள. “மேல்நாட்டாருக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தானே” என்று ஏங்குவோரும் உளர். அவர்கள் அறியட்டும்: பெரேரா என்பது பேரிக்காய் மரம், சில்வா காடு, பொன்சேகா வற்றிய ஊற்று. ஜோன்சன் ஜோனின் மகன். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோர்க்குத் தந்தை பெயரே அடையாளம். அது தலைமுறைதோறும் மாறுகிறது. நமது முதலெழுத்து எவ்வகையில் தாழ்ந்தது?

குடும்பப் பெயர் நாகரிகத்தின் முத்திரையுமன்று. 1787 இல் ஆஸ்திரியப் பேரரசன் யூதர்மீது ஜெர்மன் பெயர்களைத் திணித்தான். 1811 இல் நெப்போலியனின் ஆணை ஒல்லாந்து மக்களைப் பெயர் பதியச் செய்தது. வரி தண்டவும் படைக்கு ஆள் திரட்டவும் அரசுகளுக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. நமது கரைகளிலோ போர்த்துக்கேயப் பெயர்கள் ஞானஸ்நானத்தோடு வந்தன. பெர்னாண்டோ என்ற ஒரே பெயரைத் தூத்துக்குடித் தமிழரும் தாங்குகின்றனர். மொறட்டுவைச் சிங்களவரும் தாங்குகின்றனர். அத்தகைய நாட்டில், 1983 ஜூலையில், பெயரையும் பேச்சையும் கொண்டு மனிதரைப் பிரித்தெடுத்துத் தாக்கினர். பெயரின் வரலாறு அறியாத சமூகம் பெயரை ஆயுதமாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னொன்றையும் ஒளிவின்றிக் கூறுவோம். ஸ்மித், ஜெர்மனியின் ஷ்மிட், போலந்தின் கவால்ஸ்கி ஆகிய மூன்றும் கொல்லுலையில் பிறந்த பெயர்கள். ஃபெரெய்ரா என்னும் போர்த்துக்கேயப் பெயரும் இரும்பின் வழி வந்ததே. அவற்றைத் தாங்கியோர் அமைச்சராயினர், பேராசிரியராயினர். உலைக்களத்தை எவரும் மறைக்கவில்லை. இங்கோ, இரும்படித்தவனின் தொழிற்பெயரை வசைச்சொல்லாக்கினோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டோர் ‘கந்தசாமி’ என்று பெயரிடவும் தடை நின்றது. ‘கந்தன்’ போதும் என்றது சாதியாணவம். அந்நியன் பெயரில் உள்ள மரத்தையும் காட்டையும் வணங்கிக்கொண்டு, நம்மவன் பெயரிலுள்ள உழைப்பை இகழ்வது எத்தகைய அடிமைத்தனம்!

ஐரோப்பாவிலும் வர்க்கபேதம் உண்டு; அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் தொழிற்பெயர் பிறவித் தாழ்வின் அடையாளமாக அங்கே நிலைபெறவில்லை. இங்கே அது நிலைபெற்றதற்குக் காரணம் பெயரன்று. நிலத்தையும் கோயிலையும் கிணற்றையும் தம் பிடியில் வைத்திருந்தோரின் அதிகாரமே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! வகுப்பில் புதிதாய் வந்த பிள்ளையிடம் பெயரைக் கேட்கிறோம். அது போதாதென்று தகப்பன் பெயரை, ஊரை, ஊரின் எந்தப் பகுதியென்பதைத் துருவுகிறோம். அந்தக் கடைசிக் கேள்வி எதனைத் தேடுகிறது என்பதை நாம் அறிவோம், பிள்ளையும் அறியும். அக்கேள்வியை இன்றே நிறுத்துவோம். பெயரின் பொருளைக் கற்பிப்போம். பெயரால் மனிதனை அளப்பதை ஒழிப்போம்.