கிணற்றில் பார்த்துச் சொன்ன தகவல்

மன்னார்ப் பள்ளிமுனையில் ஒரு பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் விடிய உடம்பு குளிர்ந்துவிடுகிறது. "காய்ச்சல் விட்டிட்டுது" என்று வீடு ஆறுதலடைகிறது. தகப்பனும் கடலுக்குப் போய்விடுகிறார். வந்தது டெங்குவானால், ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். வயிறு நோகும், கைகால் சில்லிடும், பிள்ளை சோர்ந்துபோகும். அந்த வீட்டுக்கு எட்டவேண்டிய தகவல் இது. வட்ஸ்அப்பில் முந்திக்கொண்டு வருவதோ பப்பாசி இலைச் சாறு. கசியும் நீரை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பரசிற்றமோல் கொடுக்கலாம், இரத்தப்போக்கைக் கூட்டும் அஸ்பிரினும் ஐபுபுறூபனும் கூடாது என்பது அன்றே மருத்துவர்கள் அறிந்திருந்தது. அறிந்தது வாசல்வரை வரவேண்டும்.

சொல்பவர் பெரிய பதவியில் இருப்பதால் மட்டும் ஒரு தகவல் உண்மையாகிவிடாது. 2020 டிசெம்பரில், கொரோனாவுக்கு மருந்தென்று கேகாலையில் கொடுக்கப்பட்ட பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்றைய சுகாதார அமைச்சரும் அதைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது.

எதை நம்பலாம் என்பதற்குப் பாடம் நம் தீவிலேயே இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதோடு சுகாதாரத் துறை நுளம்புத் தேடலை நிறுத்திவிடவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில், மன்னார்த் தீவின் கிணறுகளில் எடுத்த குடம்பிகளுக்குள், அதுவரை இந்நாட்டில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு அகப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் அது. அள்ளியெடுத்து, பரிசோதித்து, பிறகு சொன்ன தகவல். யார் பார்த்தார், எதைப் பார்த்தார், எப்போது பார்த்தார் என்ற மூன்று கேள்விக்கும் அதில் விடை உண்டு. கைபேசிக்கு வரும் எந்த மருத்துவக் குறிப்பையும் இந்த மூன்றையும் கேட்டே ஏற்கவேண்டும்.

கேட்கும் பொறுப்பை மக்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. கிணற்றைப் பார்க்க வாசலுக்கு வந்த சுகாதாரத் துறை, விளக்கம் சொல்லவும் அதே வாசலுக்கு வரவேண்டும். குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஊர் முகமறிந்தவர்கள். மழைக்காலத்துக்கு முன்பே கரைவலைத் துறையிலும் பூசை முடிந்த கோயில் வாசலிலும் அவர்கள் நல்ல தமிழில் பேசட்டும். மருந்து உறையிலும் விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

வள்ளத்தில் ஏறுமுன் அந்தத் தகப்பனின் காதில் விழவேண்டிய வசனம் மிகச் சிறியது: "காய்ச்சல் விட்ட நாளிலதான் பிள்ளையைக் கூடக் கவனமாப் பாருங்கோ."