புகை ஒன்று, நீதி இரண்டா?



நம் தெருவில் யாராவது டயரைக் கொளுத்தினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துகிறோம். இளைப்பு நோயாளி உள்ள வீடாக இருந்தால் சண்டைக்கே போய்விடுகிறோம். அதே டயரையும், பிளாஸ்டிக்கையும், பேட்டரியையும், பெயிண்டையும், மருத்துவமனைக் கழிவையும், மனித மலத்தையும் ஒரே பள்ளத்தில் கொட்டி, விமான எரிபொருளை ஊற்றி, இரவும் பகலும் வருடக்கணக்கில் எரித்தால் எப்படி இருக்கும்? கற்பனை செய்து பாருங்கள்.

இராக்கில் பாக்தாதுக்கு வடக்கே பலத் என்ற இடத்தில் அமெரிக்கா வைத்திருந்த ராணுவத் தளத்தில் இதுதான் நடந்தது. எரிகுழியின் பரப்பு சுமார் பத்து ஏக்கர். ஒரு நாளைக்கு நூறு டன்னுக்கு மேல் கழிவு அதில் எரிந்தது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இப்படிப்பட்ட குழிகள் ஏராளம். 2006ஆம் ஆண்டிலேயே பலத் தளத்தில் பணியாற்றிய விமானப்படையின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி ஒருவர், இந்தப் புகை அங்கே இருப்போரின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று எழுத்து மூலம் எச்சரித்தார். குழி அதன் பிறகும் எரிந்தது.

எரி உலை வாங்கப் பணம் இல்லையா? இருந்தது! ஆப்கானிஸ்தானில் ஒன்பது தளங்களுக்காக 23 எரி உலைகளை 8 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அமைத்தார்கள். அவற்றில் எட்டு உலைகள் ஒரு நாள்கூடப் பயன்படுத்தப்படவில்லை என்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அதிகாரியே 2015இல் போட்டு உடைத்தார். ஒப்பந்தக்காரனுக்குக் காசு போய்ச் சேர்ந்தது. புகை மட்டும் நிற்கவில்லை.

ஊர் திரும்பிய சிப்பாய்களில் பலருக்கு மூச்சு முட்டியது. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கப்பட்ட 49 சிப்பாய்களில் 38 பேருக்கு நுண்ணிய மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய் இருப்பது தெரிந்தது. (இவர்களில் பலர் 2003இல் மோசூல் அருகே கந்தகத் தொழிற்சாலையில் பற்றிய தீயின் புகையையும் சுவாசித்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிரியைப் பற்றிப் பேசும்போதும் உண்மையை மறைக்கக் கூடாது.)

நியாயம் கேட்டு அந்தச் சிப்பாய்கள் எங்கே போவது? அரசின் மீது வழக்குப் போட வழியில்லை. பணியின்போது ஏற்பட்ட பாதிப்புக்காக ராணுவத்தினர் அரசிடம் நஷ்டஈடு கோர முடியாது என்று 1950லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கதவை அடைத்துவிட்டது. தளங்களில் கழிவு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கே.பி.ஆர். நிறுவனத்தின் மீது வழக்குகள் தொடுத்தார்கள். எரிப்பது என்பது ராணுவத்தின் முடிவு, அதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று அவை தள்ளுபடி ஆயின. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. அரசைக் கேட்டால் 'கேட்க முடியாது'. கம்பெனியைக் கேட்டால் 'அரசைக் கேள்'. நம்மூர்த் தாலுகா அலுவலகத்தில் நாம் பார்க்காத வித்தையா இது?

மீதி இருந்தது ஓய்வூதிய இலாகா. 2007 முதல் 2020 வரை எரிகுழிப் புகையைக் காரணம் காட்டி நிவாரணம் கேட்ட சுமார் 12,500 முன்னாள் வீரர்களில் சுமார் 2,800 பேருக்குத்தான் அது கிடைத்தது. மற்றவர்களுக்குச் சொன்ன பதில்: 'புகையால்தான் நோய் வந்தது என்று நிரூபி!' புகையை ஒழுங்காக அளக்காதவன் ராணுவம். கணக்குக் காட்ட வேண்டியவனோ நோயாளி!

கடைசியில் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2022 ஜூலையில் செனட் சபையில் மசோதா தடுக்கப்பட்டபோது, முன்னாள் வீரர்களும் விதவைகளும் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே இரவு பகலாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. மசோதா 86க்கு 11 என்ற வாக்கில் நிறைவேறியது. ஆகஸ்ட் 10இல் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டார். இராக்கில் பணிபுரிந்த தன் மகன் மூளைப் புற்றுநோயால் இறந்ததற்கு இந்தப் புகை காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட தந்தை அவர். நுரையீரல் புற்றுநோயால் 2020இல் இறந்த ஹீத் ராபின்சன் என்ற வீரரின் பெயரைத் தாங்கிய அந்தச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நாடுகளில் பணியாற்றியவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட நோய்களில் ஒன்று வந்தால், அது பணியால் வந்தது என்றே கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை இறங்கியது. பத்தாண்டுச் செலவு சுமார் 28,000 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். நாம் இதை வரவேற்கிறோம். நோயாளி சிப்பாயாக இருந்தாலும் நோயாளிதான்.

ஆனால் சகோதரர்களே, அந்தப் புகை முள்வேலியோடு நின்றுவிட்டதா?

வேலிக்கு வெளியே வயலில் நின்ற இராக்கிய விவசாயி சுவாசித்தது வேறு காற்றா? சிப்பாய் ஓராண்டில் ஊர் திரும்பினான். அவனோ அங்கேயே பிறந்து, அங்கேயே உழுது, அங்கேயே பிள்ளை பெற்றான். அவனுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்நியர்களுக்கு நஷ்டஈடு தரும் பழைய அமெரிக்கச் சட்டம் ஒன்று உண்டு. போர் நடவடிக்கையால் வந்த சேதம் அதில் அடங்காது. இரண்டே வருடத்தில் மனுச் செய்ய வேண்டும். பத்து வருடம் கழித்து வெளிப்படும் நோய்க்கு இரண்டு வருடக் கெடு! நாசிரியா அருகே உள்ள தல்லீல் தளத்தை ஒட்டி வாழ்ந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடு கூடுதலாக இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான். அந்தத் தளத்தின் எந்த மாசு காரணம் என்பதும் முடிவாகவில்லை. பெரிய ஆய்வு நடத்தும் கடமை யாருக்கு? வியட்நாமில் விஷம் தெளித்துவிட்டுத் தன் சிப்பாய்க்கு மட்டும் பென்ஷன் கொடுத்தார்கள். வியட்நாமியர்கள் தொடுத்த வழக்கு 2009இல் உச்ச நீதிமன்ற வாசலோடு திரும்பியது. அதே கதை.

இன்னொரு கூட்டத்தையும் யாரும் பேசுவதில்லை. அந்தத் தளங்களில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், குப்பை அள்ளியவர்கள் பெரும்பாலும் இந்தியா, நேபாளம், பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் நாட்டு ஏழைகள். இவர்களுக்கு வழி உண்டு. 1941இல் இயற்றப்பட்ட ராணுவத் தளச் சட்டம், அமெரிக்க ஒப்பந்தக் கம்பெனிகளின் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். அதிலும் ஓர் அநியாயம் பாருங்கள்: வெளிநாட்டவருக்கு வருங்காலத் தவணைகளை ஒரே தொகையாக முடித்துக் கொடுக்கும்போது பாதியை மட்டும் தந்தால் போதுமாம்! ஆனாலும் பாதி என்பது பூஜ்யம் அல்ல.

உங்கள் மஹல்லாவில், உங்கள் தெருவில் அப்படிப் போய் வந்தவர் இருந்தால் விசாரியுங்கள். படியேறும்போது இளைக்கிறதா, இருமல் நிற்கவில்லையா என்று கேளுங்கள். மருத்துவரிடம் எந்தத் தளத்தில் எத்தனை மாதம் இருந்தார் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். ஒப்பந்தத் தாள், சம்பளச் சீட்டு, தள அடையாள அட்டை, பழைய பாஸ்போர்ட், அங்கே எடுத்த புகைப்படம் எதையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று அந்த வீட்டுப் பெண்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.