தோமையாரை வெளியே அனுப்பாத வீடு



ஜூலை 3ஆம் நாள் புனித தோமையாரின் திருநாளைக் கொண்டாடினோம். வரும் 9ஆம் நாள் நவாலியை நினைவுகூரவிருக்கிறோம். ஐயுற்ற திருத்தூதரின் நாளுக்கும், எம்முள் சிலரது ஐயம் தொடங்கிய நாளுக்கும் இடையிலான இவ்வாரத்தில் உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

1995 ஜூலை 9 அன்று, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி இடம்பெயர்ந்த மக்கள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். விமானக் குண்டுவீச்சில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களுள் தன் உறவுகளை இழந்த ஒரு தாய், பல ஆண்டுகளுக்கு முன் இங்கே அஜின்கோர்ட்டில் திருப்பலி முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "பாதர், கோயில் எண்டு நம்பித்தானே உள்ளுக்குப் போனவை?"

"ஆண்டவரின் சித்தம், பிள்ளை" என்றேன். குருமடத்தில் கற்ற இறையியல் அனைத்தும் அந்த வேளையில் ஒரு சொற்றொடராகச் சுருங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவர் வீட்டு வாசலை நான் மிதிப்பதற்கு எட்டு மாதங்கள் சென்றன. அந்த எட்டு மாதங்கள் என் குற்றம்.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாக ஏனைய சீடர்கள் சொல்கிறார்கள். தோமையார் நம்ப மறுக்கிறார். எட்டு நாள்களுக்குப் பின் ஆண்டவர் மீண்டும் வரும்போது, தோமையாரும் அதே வீட்டில் இருக்கிறார். எவரும் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் வெளியேறவில்லை. அவரது விசுவாசம் மீண்டும் எழுந்தது, நம்பாத நாள்களிலும் அவருக்கு அந்த வீட்டில் இடம் இருந்தமையாலன்றோ?

ஆண்டவர் அவருக்குக் காட்டியதும் காயங்களையே. உயிர்ப்பு அவற்றை அழித்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுவெடிப்பில் சிதைந்த கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம் அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் இரத்தம் தெறித்த கிறிஸ்துவின் திருவுருவத்தைக் கழுவிவிடாமல் காத்து வைத்திருக்கிறார்கள். மீளக் கட்டப்படும் விசுவாசமும் அத்தகையதே. அது பழைய விசுவாசமாக இராது, தழும்புகளோடு இருக்கும்.

"கேள்விகளுக்கு இடங்கொடுத்தால் இளையோர் கெட்டுவிடுவார்கள்" என அஞ்சும் பெரியோர்க்குப் பணிவுடன் ஒன்று சொல்வேன். எம் பிள்ளைகள் கேள்விகளோடுதான் இந்நாட்டில் வளர்கிறார்கள். வதிவிடப் பாடசாலைகளில் பூர்வகுடிச் சிறாருக்கு இழைக்கப்பட்ட தீங்கில் கத்தோலிக்கருக்கு இருந்த பங்கிற்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலையில் ஆல்பேர்ட்டா மண்ணில் நின்று மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தையே அறிக்கையிட்ட பாவத்தைப் பற்றி மகள் வினவும்போது, தந்தை அவளை அதட்டுவது எங்ஙனம் தகும்? அதட்டப்பட்ட பிள்ளை வாதாடுவதில்லை. ஒருநாள் ஓசையின்றி நின்றுவிடுகிறது. கேட்பவர் இன்னும் இறைவனோடு பேசிக்கொண்டிருக்கிறார். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது. குழந்தை இயேசுவின் புனித தெரேசா 1896 உயிர்ப்புக் காலந்தொட்டு 1897 செப்டெம்பரில் இறக்கும்வரை விசுவாச இருளில் நடந்தார். அவரையே திருச்சபை 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது.

ஆகவே, ஐயத்தோடு இருப்பவர்களே, வாருங்கள். கடைசி வாங்கில் அமருங்கள். விசுவாச அறிக்கையின்போது உங்கள் குரல் அடைத்துக்கொண்டால் அருகிலிருப்பவர் உங்களுக்காகவும் சொல்லட்டும். அது திருச்சபை முழுவதினதும் விசுவாசம். பெற்றோரே, விடை தெரியாதவிடத்து "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். அது உங்கள் விசுவாசத்திற்கு இழுக்கன்று.

அந்தத் தாயின் வீட்டுக்கு நான் சென்றபோது விளக்கம் எதுவும் கொண்டுபோகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் தந்தார். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வோர் ஆண்டும் 9ஆம் நாள் வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார். அவரது கேள்விக்கு என்னிடம் இன்றும் விடையில்லை. அதை அவரும் அறிவார்; ஆயினும் வருகிறார்.

இவ்வாண்டும் அன்றைய திருப்பலி முடிந்ததும் கோயிலைப் பூட்டமாட்டேன். பேச விரும்புவோர்க்காகக் காத்திருப்பேன்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை