விசில் ஊதத் தெரிந்த சர்க்காருக்குத் தண்ணீர் விடத் தெரியாதா?

கிராமத்து ஏழைக்குச் சுத்தம் தெரியாது, அவனுக்குப் புத்தி சொல்லித் திருத்த வேண்டும்! மந்திரிகளும் அதிகாரிகளும் பணக்காரப் பத்திரிகைகளும் ஓயாமல் பாடுகிற பாட்டு இது. "ஜனங்களின் பழக்கம் மாறவேண்டும்" என்கிறார்கள். "கிராம சமூகமே முன்வர வேண்டும்" என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் பொருள் என்ன? வீட்டில் கக்கூஸ் இல்லாதது சர்க்காரின் குற்றமல்ல, நிலச்சொந்தக்காரனின் குற்றமல்ல, உன் குற்றம் என்பதுதான் இதன் பொருள்.

தோழர்களே, ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவோம். சுத்தம் நமக்கு வேண்டும். மற்ற எவரையும்விட நமக்குத்தான் அதிகம் வேண்டும். அசுத்தத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு மாடி வீட்டுக் குழந்தையைத் தேடிப் போவதில்லை, குடிசையில்தான் நுழைகிறது. இருட்டும் வரை வயிற்றை அடக்கிக்கொண்டு காத்திருப்பவள் மிராசுதார் மனைவி அல்ல. நாற்று நடும் நம் வீட்டுப் பெண். ஆகவே சுத்தம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல சண்டை. அதற்கு யார் பொறுப்பு, யார் செலவு, யார் உழைப்பு என்பதுதான் சண்டை.

நூறு சதவீதப் புளுகு

2014 அக்டோபர் 2-ம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் ஆரம்பமாயிற்று. கக்கூஸ் கட்டும் கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு 12,000 ரூபாய் என்றார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2019 அக்டோபர் 2-ம் தேதி, கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளிக்குப் போகும் வழக்கமே ஒழிந்தது என்று சபர்மதியில் பிரதமர் அறிவித்தார். பத்துக் கோடிக்கு மேல் கக்கூஸ் கட்டியாயிற்றாம்!

அதே சர்க்காரின் புள்ளிவிவர இலாகா என்ன சொல்லிற்று? 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்திய தேசிய மாதிரி ஆய்வில், கிராமக் குடும்பங்களில் 28.7 சதவீதத்துக்குக் கக்கூஸ் வசதியே இல்லை. முழு வெற்றி அறிவித்த பிறகும் நடந்த 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் 19 சதவீதக் குடும்பங்கள் வெளியேதான் போகின்றன. 2015-16-ல் இது 39 சதவீதமாக இருந்தது. குறைந்திருப்பது உண்மை, அதை நாம் மறுக்கவில்லை. கட்டியவர்கள் கட்டினார்கள், கொத்தனாரும் சித்தாளும் உழைத்தார்கள். ஆனால் ஐந்தில் ஒரு குடும்பம் இருட்டில் புதரைத் தேடும்போது "ஒழிந்தது" என்று விழாக் கொண்டாடுவது எந்த ஊர் நியாயம்? கணக்கில் கக்கூஸ் வந்துவிட்டால் கேட்கும் உரிமை போய்விடுகிறது. இந்தப் புளுகின் பயன் அதுதான்.

புளுகு காகிதத்தோடு நிற்கவில்லை. சபர்மதி விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, 2019 செப்டம்பர் 25-ம் தேதி, மத்தியப் பிரதேசம் சிவபுரி ஜில்லாவில் பாவ்கேடி என்ற கிராமத்தில் இரண்டு தலித் குழந்தைகள் அடித்தே கொல்லப்பட்டார்கள். செய்த குற்றம் திறந்தவெளிக்குப் போனது! அவர்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. அந்தக் கிராமமோ, காகிதத்தில், திறந்தவெளிக்குப் போகாத கிராமம். சர்க்கார் கட்டித் தராத கக்கூஸுக்குக் குழந்தைகள் உயிரைக் கொடுத்தார்கள்.

வெட்கம் ஊட்டும் வித்தை

ஏழையை வெட்கப்படுத்தித் திருத்துவது என்பது தற்செயலாக வந்ததல்ல. அது ஒரு தத்துவமாகவே வளர்க்கப்பட்டது. வங்கதேசத்தில் ராஜஷாஹி ஜில்லாவின் ஒரு கிராமத்தில் 2000-ம் ஆண்டையொட்டி இந்த முறை பிறந்தது. ஊரைக் கூட்டி, மலம் கிடக்கும் இடங்களை நடத்திக் காட்டி, அருவருப்பையும் வெட்கத்தையும் ஊட்டி, மானியம் ஒரு காசும் தராமல் அவரவரே கட்டிக்கொள்ளச் செய்வது. "இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள்" என்பது இதன் வேதவாக்கு. உலக வங்கியின் ஆதரவோடு இது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவிற்று. பிறகென்ன? விடியற்காலையில் விசிலும் டார்ச் விளக்குமாகக் கண்காணிப்புக் குழுக்கள் கிராமங்களில் புறப்பட்டன.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்று உண்டு. 2018 ஏப்ரலில், புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் ஒரு கட்டளை விடுத்தார். கிராமம் திறந்தவெளிக் கழிப்பும் குப்பையும் இல்லாதது என்று மே 31-க்குள் சான்று வாங்கவேண்டும். இல்லையேல் இலவச அரிசி நிறுத்தப்படும்! எதிர்ப்புக் கிளம்பியதும் கட்டளை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அந்தப் புத்தி எப்படிப்பட்டது பாருங்கள். கக்கூஸ் இல்லை என்றால் சோற்றை நிறுத்து! சாப்பிடாதவனுக்குக் கக்கூஸ் எதற்கு என்ற கணக்கோ?

தேயிலைத் தோட்டம் சொல்லும் பாடம்

ஏழையைப் பழிக்கும் இந்த வித்தை புதிதல்ல. 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் அமெரிக்க ராக்பெல்லர் ஸ்தாபனம் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் துவக்கியது. அங்கே உழைத்தவர்கள் யார்? சென்னை ராஜதானியிலிருந்து கப்பலேறிய நம் ஜனங்கள். மலத்தோடு மண்ணில் விழும் முட்டையிலிருந்து பிறக்கும் இந்தப் புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே ஏறுகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து குடலில் இறங்கி, கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இரத்தம் வற்றியவன் மலையேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். அவனுக்குத் துரைமார் வைத்த பெயர் சோம்பேறி!

மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. மறுபடியும் ஏறிற்று. ஏன்? லயத்தில் கக்கூஸ் இல்லை; காலில் செருப்பில்லை; மண் அதே மண். மருந்து மலிவு, கூலியாளை மறுபடி வேலைக்கு அனுப்ப அது போதும். கக்கூஸ் கட்டுவதற்கோ செலவாகும். அந்தச் செலவென்றதும் தோட்ட முதலாளிகள் பின்வாங்கினார்கள். மூலத்தை விட்டுவிட்டு மனிதனைப் பழிப்பது லாபம் என்பதே அன்றும் இன்றும் நடக்கும் கணக்கு.

பழக்கமா, பட்டாவா?

ஆலைத் தோழர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 1948-ல் வந்த பாக்டரிச் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கக்கூஸ் கட்டிச் சுத்தமாக வைப்பது முதலாளியின் கடமை என்று விதித்தது. "தொழிலாளியின் பழக்கத்தை முதலில் மாற்று" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கட்டாத முதலாளிகள் உண்டு. ஆனால் சங்கம் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட முடிந்தது. வயலில் விடியலிலிருந்து குனிந்து நடவு நடும் பெண்ணுக்கு இப்படி எந்த மிராசுதார்மீது கடமை விதித்தார்கள்? ஆலையில் உரிமையாக இருந்தது வயலில் மட்டும் எப்படிப் பழக்கமாயிற்று?

வீட்டுக்கு வருவோம். கக்கூஸ் கட்ட இடம் வேண்டும். விவசாயத் தொழிலாளி வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் கோவில், மடத்து நிலங்களிலும் குடிசை போட்டிருக்கிறான். பண்ணையார் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-ல்தான் தமிழ்நாட்டில் வந்தது. அதன் பிறகும் பட்டாவுக்காக அலைகிறவர்கள் ஏராளம். நாளைக்கு இடிக்கப்படலாம் என்ற குடிசையின் பக்கத்தில் யார் குழி தோண்டுவார்கள்?

12,000 ரூபாயும் பெரும்பாலும் கட்டி முடித்து, போட்டோ எடுத்த பிறகுதான் கைக்கு வரும். அதற்குப் பெயர்கூட மானியமல்ல, ஊக்கத்தொகை! முதலில் கடன் வாங்கிக் கட்டு, வட்டியை நீயே கட்டு. கடன் கிடைக்காதவன் கான்டிராக்டரிடம் மாட்டுகிறான். கதவில்லாத, தண்ணீர் இல்லாத, விறகு அடுக்கும் அறை ஒன்று மிச்சமாகிறது. தெருக்கோடிப் பம்பிலிருந்து குடம் சுமப்பவளிடம் ஒவ்வொரு தடவையும் ஊற்று என்றால், எத்தனை குடம் சுமப்பாள்? டெல்டாவிலோ மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிக் குழி நிரம்பிவிடும்; மேடாக்கிக் கட்டினால்தான் உதவும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எல்லா ஊருக்கும் ஒரே படம், ஒரே தொகை!

இன்னொன்றும் உண்டு. கூலி உயர்வு கேட்ட மறுநாள், "என் வரப்பில் கால் வைக்காதே" என்று நிலச்சொந்தக்காரன் கத்துவது எதற்காக? சேரி ஜனங்கள் ஒதுங்கவும் வேறு இடம் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். வீட்டோடு கக்கூஸ் இருந்தால் அவன் கையிலிருந்து ஓர் ஆயுதம் பறிபோகும். கக்கூஸ் கூலிப் போராட்டத்தோடு சேர்ந்த விஷயம் என்பதை மறவாதீர்கள்.

குழியில் இறங்குவது யார்?

"கக்கூஸ் இருந்தும் வெளியே போகிறார்களே, அது பழக்கம்தானே?" என்று ஒரு கேள்வி போடுகிறார்கள். நியாயமான கேள்வி, பதிலும் உண்டு. குழி நிரம்பினால் அள்ளுவது யார் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. மலம் அள்ளுவது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட நாடு இது. ஆகவே வசதியுள்ளவன் கிணறு மாதிரி பெரிய செப்டிக் டேங்க் கட்டுகிறான். அது நிரம்பியதும் ஒரு தொழிலாளியைத் தேடுகிறான். உள்ளே விஷவாயு, இறங்கியவன் பிணமாக வருகிறான். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம், சாவு நிற்கவில்லை. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. சாவு தொடர்ந்ததால்தானே தொகை உயர்ந்தது?

இதற்கு வழியில்லாமல் இல்லை. சுவரில் ஓட்டை விட்டுக் கட்டிய இரண்டு குழிகள். ஒன்று நிரம்பச் சில வருஷங்கள் ஆகும். நிரம்பியதும் வழியை மற்றதற்குத் திருப்பி, முதல் குழியை மூடி, ஒன்றிரண்டு வருஷம் விட்டால் கிருமி செத்து, நாற்றமில்லாத எருவாகிவிடும். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவில் கங்கதேவிபள்ளி கிராமத்தில் மத்திய சர்க்காரின் இலாகாச் செயலாளரே இப்படிப்பட்ட குழியில் இறங்கி எருவை அள்ளினார், படமும் எடுத்தார்கள். நல்லது! வழி தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் ஊரூராக ஒற்றைக் குழியும் செப்டிக் டேங்கும் கட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன்? அதிகாரி இறங்கியது ஆறின எருவில், ஒரு நாள். தொழிலாளி இறங்குவது விஷவாயுவில், பிழைப்புக்காக.

நம் கோரிக்கைகள்

1. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடு. இடமில்லாதவருக்கு இடம் கொடு.

2. காலனிக்கும் சேரிக்கும் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் விடு.

3. முன்பணம் கொடுத்து, அந்தந்த மண்ணுக்கேற்ற இரட்டைக்குழிக் கக்கூஸ் கட்டு; விலைவாசிக்கேற்பத் தொகையை உயர்த்து.

4. செப்டிக் டேங்கில் மனிதன் இறங்காதபடி இயந்திரம் கொடு. துப்புரவுத் தொழிலாளர் அனைவரையும் நிரந்தரமாக்கி முழுச் சம்பளம் கொடு.

5. வேலை நடக்கும் வயல்வெளிகளில் பெண்களுக்கு மறைவிடமும் தண்ணீரும் ஏற்பாடு செய்.

6. விசில், போட்டோ, ரேஷன் வெட்டு என்ற அவமானங்களை நிறுத்து.

கிராம சபை மே 1-ம் தேதியும் கூடுகிறது. சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் தெருவில் யார் யார் பெயரில் கக்கூஸ் கட்டியதாகக் கணக்கு இருக்கிறது என்று பட்டியலைக் கேளுங்கள். பட்டியலோடு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். இருப்பது எது, இல்லாதது எது என்று ஊர் முன்னால் படியுங்கள். சமூகம் முன்வர வேண்டும் என்கிறார்களே, இப்படி முன்வருவோம்! பெண்கள் முன்னால் வரட்டும். அவர்களுக்குத்தான் இதன் கொடுமை அதிகம் தெரியும். ஆலைச் சங்கங்கள் தங்கள் அனுபவத்தோடு பக்கத்துக் கிராமத்துக்குத் துணை போகட்டும்.

1940-களில் கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தார்கள். அதையும் "வழக்கம்" என்றுதான் சொன்னார்கள். புத்திமதியாலா அது ஒழிந்தது? பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள், அடித்தால் திருப்பிக் கேட்க ஜனங்கள் கற்றார்கள், அது ஒழிந்தது.

வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. பட்டா தராதவன் வெட்கப்படட்டும். தண்ணீர் விடாதவன் வெட்கப்படட்டும். இல்லாத கக்கூஸைக் கணக்கில் எழுதியவன் வெட்கப்படட்டும். நாம் தலை நிமிர்ந்து கேட்போம், கூட்டமாகக் கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்!