இல்லாததை இல்லையெனும் கருவி

சிறுமையே பெருமை என்று மின்னணுத்தொழில் முழங்கி வருகின்றது. அரிசிமணியினும் சிறிய சிலிக்கன் சில்லு ஒன்று, நீளம், அகலம், உயரம் ஆகிய முத்திசையிலும் காந்தப்புலத்தை அளந்துவிடுகின்றது. வியப்புத்தான். ஆயினும் அளவுகருவியின் பெருமை அதன் சிறுமையில் இல்லை, மெய்ம்மையில் உள்ளது.

1879-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எட்வின் ஆல், மெல்லிய பொற்றகட்டில் மின்னோட்டம் செலுத்திக் காந்தத்தின் நடுவே வைத்தார். ஓட்டத்திற்குக் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றிற்று. இன்றைய சில்லும் அவ்வழியையே பற்றி நிற்கின்றது. ஆனால், கிடையாகப் பரந்த தகடு, தன்மேற் செங்குத்தாக வரும் புலத்தையே உணரும். பக்கவாட்டுப் புலத்தை உணராது. இக்குறையைப் போக்கும் அமைப்பைச் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய பொப்போவிச்சு 1984-இல் வெளியிட்டார். அதில் மின்னோட்டம் சிலிக்கனின் ஆழத்துள் இறங்கி மீண்டும் மேலேறும். அத்தகைய நிலைக்குத்து அமைப்பு இரண்டைச் செங்கோணத்தில் வைத்து, கிடைத்தகடு ஒன்றையும் சேர்த்தால் முத்திசையும் அடங்கும்.

மூன்று தனி உணரிகளை ஒட்டினாற் போதாதா என்பார் உளர். போதாது. சிறு காந்தத்தின் அருகே இடம் சற்று மாறினும் புலம் பெரிதும் மாறும். மூன்றும் மூன்றிடத்துச் செய்தியையே கூறும். ஒரு திசையை மட்டும் அளந்தாலோ, காந்தம் திரும்பியதா, விலகியதா என்பதே விளங்காது. ஊர்தியின் திசைமாற்றியிலும் விசைமிதியிலும் இத்தகைய உணரிகளை நம்பியே உயிர்கள் செல்கின்றன.

எனின், கூர்ந்த உழைப்பு எங்கே வேண்டும்? புலமே இல்லாதபோதும் உணரி பொய்யழுத்தம் காட்டும். தொடுமுனை இம்மியளவு பிறழ்ந்தாலும், உறையின் இறுக்கம் சில்லை நெருக்கினாலும் அப்பொய் பிறக்கும். அது பல மில்லிதெசுலாப் புலத்திற்கு ஒப்பாகலாம். நிலவுலகின் காந்தப்புலமோ ஏறத்தாழ ஒரு மில்லிதெசுலாவில் இருபதில் ஒரு பங்கே! நிலைக்குத்து அமைப்பில் ஒத்தசீர்மை அரிதாதலின் பொய் இன்னும் மிகும். மின்னோட்டம் புகும் முனைகளையும் அழுத்தம் அளக்கும் முனைகளையும் முறைமாற்றிச் சுழற்றினால், மெய்க்குறி நிலைத்து நிற்கும். பொய்க்குறி எதிரெதிராக வந்து பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதற்குச் சில்லில் இடமும், அளப்பதில் நேரமும் செலவாகும். அச்செலவை வீணென்று குறைப்போர், கருவியைச் சுருக்கவில்லை. அதன் நேர்மையையே சுருக்குகின்றனர்.

ஆகவே, "எத்துணைச் சிறியது?" என்று வினவுமுன், "புலம் இல்லாதபோது இல்லையென்கின்றதா?" என்று வினவுக. உள்ளதை உண்டென்பது எளிது. இல்லாததை இல்லையென்பதே அளவுகருவியின் அறம். அவ்வறத்தைச் சில்லின் அடியிலேயே அமைப்பவரே நல்ல வடிவமைப்பாளர்.