காலால் கண்ட காலி

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மூர் மாணவர் ஒருவருடையது. ஐரோப்பிய நகரங்களிலே துவிச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டி எவருமின்றித் தாமே ஊரைச் சுற்றிப் பார்ப்பார்களாம் என்று எங்கோ வாசித்திருக்கிறார். "மாவடிப்பள்ளியில் வயலும் வரம்புமாகக் கிடக்கும் எங்களுக்கு அந்தப் பாக்கியம் எந்தக் காலத்தில் கிட்டும்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி, மனம் தளர வேண்டாம். அம்ஸ்டர்டாம் நகருக்குப் போவதானால் விமானச் சீட்டும் விசாவும் வேண்டும். ஒல்லாந்தர் கட்டிய நகரமொன்றைத் துவிச்சக்கர வண்டியில் சுற்றிப் பார்ப்பதானால் கல்முனையில் பஸ் ஏறினாலே போதும். நான் சொல்வது காலிக் கோட்டையை. அண்மையில் அங்கே போய்வந்தேன். போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்; அதைச் சொல்லாமல் அந்தப் பயணத்தைச் சொல்ல இயலாது.

என் தங்கையின் மகளுக்கு ருகுணைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. அப்பீடம் காலி நகரை அடுத்த கராப்பிட்டியவில் இருக்கிறது. வீட்டிலே இனிப்புப் பகிர்ந்தார்கள். அயலார் வந்து வாழ்த்தினார்கள். பிள்ளையின் வாப்பாவாகிய என் மச்சான் மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள், "மட்டக்களப்பிலும் ஒரு மருத்துவ பீடம் இருக்கிறதே. அடுத்த வருடம் இன்னொரு தடவை சோதனை எழுதிப் பார்க்கட்டும்" என்றார். பதிவு செய்வதற்குப் பத்து நாட்களே இருந்தன. தங்கை என்னிடம் வந்து, "காக்கா, அவரை ஒரு தடவை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காணாத ஊரென்றால் எவருக்கும் பயந்தானே?" என்றாள்.

இப்படித்தான் நாங்கள் மூவரும் புறப்பட்டோம். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று இரவு முழுவதும் ஊர்கள் கழிந்தன. இரண்டிடத்தில் பஸ் மாறி, விடியற்காலையில் காலியை அடைந்தோம். பஸ் நிலையத்தின் எதிரே, பச்சைப் புற்றரைக்கு அப்பால், கரிய மதில் எழுந்து நின்றது.

காலித் துறையிலே முதலில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1640 ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், மதிலைப் பெருப்பித்து, உள்ளே தங்கள் நாட்டு முறைப்படி நேர்க்கோட்டுத் தெருக்களை வகுத்து ஒரு நகரையே அமைத்தனர். 1796 இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1988 இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கின்றனர். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகின்றனர்.

இத்தகைய ஊரைப் பார்ப்பதற்குச் சிறந்த வாகனம் துவிச்சக்கர வண்டியே. மோட்டார் வண்டியில் போனால் ஊர் நம்மைக் கடந்து ஓடிவிடும். நடந்து போனாலோ நண்பகல் வெயிலுக்குள் பாதி ஊரும் முடியாது. மிதித்துப் போகிறவனுக்கு வேகமும் அவன் கையில். நிறுத்தமும் அவன் கையில்.

கோட்டைக்குள்ளே தங்குவிடுதிகளும் சிறு கடைகளும் வண்டிகளை வாடகைக்குக் கொடுக்கின்றன. என் சிறு பிராயத்தில் கல்முனையிலே மணிக் கணக்கில் சைக்கிள் எடுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. ஆசனத்திலிருந்தால் கால் எட்டாது. சட்டத்தின் கீழே காலை விட்டு மிதிப்போம். மணி தீருமுன் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்ற அவசரத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளாத நாளில்லை. அந்நாளில் கற்ற பாடத்தை இங்கே பயன்படுத்தினேன். இரண்டு சக்கரங்களையும் பெருவிரலால் அழுத்திக் காற்றுப் பார்த்தேன். முன் தடை, பின் தடை, மணி, சங்கிலி ஆகியவற்றைச் சோதித்தேன். வண்டியில் முன்பே இருந்த கீறலையும் நெளிவையும் கடைக்காரருக்குக் காட்டினேன். பின்னால் வழக்கு வராதல்லவா? ஆசனத்தை, இருந்தபடியே நுனிக்கால் நிலத்தில் ஊன்றும் அளவுக்கு இறக்கினேன்.

மச்சான், "எனக்கு முழங்கால் நோ" என்று வண்டி வேண்டாமென்றுவிட்டார். பிள்ளைக்கு, சட்டம் தாழ்ந்ததும் சங்கிலிக்கு மேல்மூடி உள்ளதுமான வண்டியொன்றை எடுத்தோம். பத்து வயதிலே காரைதீவு வீதியில் வாப்பாவின் சைக்கிளை ஓட்டிப் பழகியவள் அவள். பன்னிரண்டு வயதுக்குப் பின் ஓட்டவில்லை. முதல் ஐம்பது யார் தூரம் தள்ளாடினாள். பிறகு கைக்கும் காலுக்கும் பழைய நினைவு வந்துவிட்டது.

பழைய வாயிலில் முதலில் நின்றோம். அதன் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும் 1669 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வெளிப்புறத்தில் இருப்பது ஆங்கிலேயரின் இலச்சினை. ஒரே வாசலுக்கு இரண்டு எசமானர்கள்! 1755 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரையிலே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. 'லெயின் பான்' என்ற தெருப்பெயர் கயிறு திரித்த இடத்தைக் குறிக்கிறது. மூர் வணிகர் தெரு என்று ஒல்லாந்தர் பெயரிட்ட தெருவும் இருந்தது. நிலத்தின் கீழே அவர்கள் கட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள் ஓடுகின்றன. கடல் பெருகும்போது நீர் உள்ளே புகுந்து, வற்றும்போது அழுக்கை வாரிக்கொண்டு போகும்படி அவற்றை அமைத்தார்கள்.

வீடுகளின் விறாந்தைகளைப் பார்த்தபடி மெல்ல மிதித்தோம். விறாந்தை என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. நாம் அலுவலகத்தைச் சொல்லும் 'கந்தோர்' ஒல்லாந்தர் சொல். காசுக்கு வழங்கும் 'துட்டு'ம் அவர்களுடைய நாணயத்தின் பெயரே. ஐரோப்பா நம் வாய்மொழிக்குள்ளேயே குடிவந்து நெடுங்காலம் ஆயிற்று.

1939 இல் கட்டிய வெளிச்சவீடு கோட்டையின் தென்கிழக்கு மூலையில் வெண்ணிறமாக நிற்கிறது. அதன் எதிரே மீரான் பள்ளிவாசல். தூரத்திலே பார்ப்பவர் தேவாலயமென்றே எண்ணுவர். அங்கே மதிலின்மேல் மச்சான் காத்திருந்தார்.

"வாப்பா, நான் தனியே ஒரு சுற்றுப் போய்வரட்டுமா?" என்று பிள்ளை கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். நெடுநேரம் கழித்து, "ஒரு மணித்தியாலம். அதற்குமேல் ஆகாது" என்றார். அவளுடைய கைத்தொலைபேசி இரவுப் பயணத்திலேயே மின் தீர்ந்து உறங்கிவிட்டது. "வழி தெரியாவிட்டால் கேள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அவள் மறைந்ததும் மச்சான், "எங்கள் பாஷை வழங்காத ஊர் இது" என்றார்.

"அப்படிச் சொல்லிவிட முடியாது, மச்சான்" என்றேன். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இந்தக் காலியிலே இப்ராஹீம் என்ற மரக்கலத் தலைவர் தமக்கு விருந்தளித்ததாக எழுதியிருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டு நாளிட்ட கல்வெட்டொன்றை இங்கே கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகள் அதிலே இருக்கின்றன. அக்கல் 1911 இல் காலியிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் சொன்னேன். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கை, தாம் இருந்த மதிலின் கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"கடல் வந்த அன்று இந்த மதில் தாங்கியதாமே?" என்று கேட்டார்.

ஆம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையில், நாங்கள் இறங்கிய பஸ் நிலையத்தையும் அதன் அருகிலுள்ள கிரிக்கெட் மைதானத்தையும் கடல் அழித்தது. மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. நம் கரைக்கு மதில் இல்லை. இலங்கையிலே அன்று மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலே மச்சானுடைய தங்கை சாய்ந்தமருதில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். "போகட்டுமா காக்கா என்று கேட்டாள். போய் வா என்று சொன்னது நான்தான்" என்றார். இருபது வருடங்களாக அவருடன் பழகுகிறேன். இதை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். யாரை வழியனுப்பினாலும் "பார்த்துக்கொள்" என்பாரே தவிர, "போய் வா" என்று அவர் சொல்லாததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்வெட்டையும் சரித்திரத்தையும் காட்டி நான் பேசிய பேச்செல்லாம் அவருடைய பயத்தின் பக்கத்திலும் போகவில்லை என்பதை உணர்ந்தேன்.

ஒரு மணித்தியாலம் கடந்தது. மச்சான் எழுந்து நின்றார். பின்னும் பத்து நிமிடம் சென்றது. அனுப்பிவைத்த எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் பத்து நிமிடம் கழித்து, தெருக்கோடியில் மணியோசை கேட்டது.

வந்து இறங்கியவளின் இரண்டு கைகளும் கறுத்திருந்தன. பழைய வாயிலுக்கு அருகே சங்கிலி கழன்றுவிட்டதாம். றேந்தை விற்கும் சிங்கள மூதாட்டி ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இவள் சங்கிலியைப் பற்சக்கரத்தின் அடிப்பற்களிலே கொளுவி, மிதியைப் பின்புறமாகச் சுற்றி ஏற்றியிருக்கிறாள். சிறு வயதில் வாப்பா செய்வதைப் பார்த்திருந்தாளாம். அந்த மூதாட்டி ஊர் எது என்று கேட்க, இவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கல்முனைப் பக்கம் என்றிருக்கிறாள். "என் மகன் அம்பாறையிலே வேலை செய்தவன்" என்று அவர் மகிழ்ந்து, கை கழுவத் தண்ணீரும் கொடுத்தாராம்.

"அப்படியே கராப்பிட்டியவுக்கு எந்தப் பஸ்ஸில் போவதென்றும் கேட்டுக்கொண்டு வந்தேன், வாப்பா" என்றாள்.

மச்சான் ஒன்றும் பேசாமல் தம்முடைய கைக்குட்டையை எடுத்து, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கறை முழுவதும் போகவில்லை. பிறகு, "சரி, நடவுங்கள். அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

பதிவு செய்தாயிற்று. சில கிழமைகளின் பின் கல்முனையிலே பிள்ளையைப் பஸ் ஏற்றினோம். வண்டி புறப்படும்போது தங்கை அழுதாள். மச்சான் யன்னலருகே போய் நின்று, "போய் வா, மகள்" என்றார்.

கடிதம் எழுதிய தம்பிக்கு இனிச் சொல்லவேண்டியது சிறிதே. நீர் ஒருநாள் ஒல்லாந்துக்கும் போகக்கூடும். அங்கே வீதியின் வலப்புறம் செல்லவேண்டும். இரவில் வெளிச்சமின்றி ஓட்டலாகாது. டிராம் வண்டியின் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவேண்டும். நீளவாட்டில் போனால் சக்கரம் அதிலே அகப்பட்டுக்கொள்ளும். இறங்கும் இடந்தோறும் நல்ல பூட்டாகப் போடவும். வண்டித் திருடர் அங்கும் உண்டு.

இன்று அந்நாட்டிலே மக்களின் தொகையைவிடத் துவிச்சக்கர வண்டிகளின் தொகை அதிகம். ஆயினும் அந்த வசதி தானாக வந்ததன்று. 1971 ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வீதி விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடவில்லை. தெருவிலே இறங்கிப் போராடினர். வண்டிகளுக்குத் தனிப் பாதைகள் பெருகியது அதன் பின்னரே.

அதுவரையில் காத்திராதீர். அடுத்த விடுமுறைக்குக் காலிக்குப் போய்வாரும். இயலாவிட்டால், ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டை இன்னும் அருகில் இருக்கிறது. சங்கிலி கழன்றால் கொளுவ மட்டும் முதலில் கற்றுக்கொள்ளும். வழியைக் கேட்டால் சொல்வதற்கு எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார்.