அம்மன் காசை புளி போட்டு விளக்காதீங்க!

வல்லத்திராக்கோட்டை பக்கம் பழைய வீடுகளில் சாமி மாடத்தைத் துழாவினால், பொட்டு அளவில் ஒரு செப்புக் காசு அகப்படலாம். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசு அது. அதில் இருப்பவள் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். நவராத்திரி நாள்களில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பார்கள். ஓர் அணாவுக்கு 20 காசு. அப்படியென்றால் ஒரு ரூபாய்க்கு 320!

'இதற்கு லட்சக்கணக்கில் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால் உஷாராகிவிடுங்கள். அடுத்த மெசேஜில் 'முதலில் கமிஷன், வரி கட்டுங்கள்' என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. பழசு என்பதாலேயே ஒரு காசு அரிதாகிவிடாது. எத்தனை மிச்சம் இருக்கிறது, எழுத்தும் உருவமும் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்பதை வைத்துத்தான் விலை. அம்மன் காசோ ஊருக்கே அள்ளிக் கொடுத்தது. அதையும் குத்துவிளக்கோடு சேர்த்து புளி போட்டுத் தேய்த்துவிட்டால் இருக்கிற மதிப்பும் போச்சு. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுத்த மேல்பூச்சுதான் பிடிக்கும்.

தங்கக் காசின் கணக்கே வேறு. இதே மாவட்டத்தின் கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீது உளி வெட்டு! இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத்தான் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நம் நகைக்கடைக்காரர்களும் அப்படித்தானே, லட்சுமி படத்தைப் பார்க்காமல் தராசைப் பார்க்கிறார்கள்!

ஒரு பவுன் காசு வாங்குகிறீர்கள். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் 80,000. செய்கூலி 3 சதவிகிதம் என்றால் 82,400. அதன் மேல் ஜி.எஸ்.டி 3 சதவிகிதம் சேர்ந்து 84,872. அன்று சாயங்காலமே விற்றாலும் 80,000-க்கு மேல் வராது. இந்த 4,872 ரூபாயைத் தங்கம் விலை ஏறித்தான் மீட்டுத் தர வேண்டும். அதனால் மகள் கல்யாணத்துக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது என்பவர்களுக்கு ஓகே. அடுத்த வருஷ ஸ்கூல் ஃபீஸுக்காக வாங்குவது, என்னைக் கேட்டால், வேண்டாம். இன்னொன்று, வங்கியில் வாங்கும் தங்கக் காசை வங்கி திரும்ப வாங்காது. கடையில் வாங்கினால் 'நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எவ்வளவு கழிப்பீர்கள்?' என்று பில் போடும் முன்பே கேளுங்கள். பில்லையும் சீல் பிரிக்காத அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் இருப்பது என்ன காசு என்று தெரியவில்லையா? திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் மட்டும் விஷயம் வேறு. 1878-ம் வருட புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.